மூன்றாவது தீர்மானம்

ஒரகடம்
9-1-1972

அன்பு மகள் கிரேசிக்கு அப்பா யாக்கோபு எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையில் நானும் உன் அத்தையும் இங்கே சுகம். நீயும் திருச்சி ஆஸ்பத்திரியில் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. நோயாளி எழுந்து நடந்து நர்ஸ் படுத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும்.

ஒரு சமாசாரம். உன் அப்பன் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். ஒன்றியத்தில் ‘முதியோர் நல ஆலோசனைக் குழு’ என்று புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். ஏழு பேர். சம்பளம் கிடையாது, கௌரவம் மட்டும். பென்ஷன் கேட்டுக் கிழவன் கிழவிகள் போடுகிற மனுக்களைப் பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று சர்க்காருக்கு ஆலோசனை சொல்லவேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, முப்பத்து மூன்று வருஷம் வாலாஜாபாத் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனிடம் சர்க்கார் ஆலோசனை கேட்கிறது என்றால், சர்க்கார் என்ன கஷ்டத்தில் இருக்கிறதோ பாவம்.

என்னை ஏன் போட்டார்கள் என்று விசாரித்தேன். கிறிஸ்தவர் ஒருவர், ஓய்வு பெற்றவர் ஒருவர், ஒரகடத்துக்காரர் ஒருவர் வேண்டுமாம். மூன்றும் நானே. இரண்டு டீ மிச்சம்.

தலைவர் ரைஸ் மில் தசரதன். வயது நாற்பத்தொன்று. முதுமையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், தன் அப்பாவை மில்லின் பின்கட்டில் தவிட்டு மூட்டைகளோடு போட்டு வைத்திருப்பதுதான். நாகப்பன் வாத்தியார் என் வயசு. ஆனால் நாற்காலியைக் கண்டதும் தூங்கிவிடுவார். மெட்ராஸிலிருந்து வந்து இங்கே தோட்டம் வாங்கியிருக்கிற லீலா அம்மாள் மாதர் சங்கத்தின் சார்பில். மற்றவர்கள் தசரதன் தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள். பெயர் எழுதி இன்லண்டில் இடத்தை வீணாக்குவானேன்.

முக்கியமான விஷயம். கண்ணில் புரை முற்றி அத்தைக்கு மிஷன் ஹாஸ்டல் சமையல் வேலை நின்றது உனக்குத் தெரியும். என் வீட்டில் சாப்பிடு என்றால், “பொண்ணு அனுப்பற துட்டுல நீ துன்ற. அதுல எனக்கும் பங்கா?” என்கிறாள். பென்ஷன் என்றால் மட்டும் வாங்குவாளாம். “அது சர்க்கார் துட்டு. நானும் முப்பது வருசம் ஊர்ப் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டுக் கீறேன்” என்கிறாள். மனு கொடுத்தாயிற்று. குழுவில் நானே உட்கார்ந்திருக்கிறேன். கவலையை விடு.

உன் அப்பா
யாக்கோபு


திருச்சி
20-1-1972

அன்புள்ள அப்பாவுக்குக் கிரேசியின் ஸ்தோத்திரம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை கௌரவ உறுப்பினர்களுக்கு மூட்டு வலிக்காதா?

உங்கள் கடிதத்தை வார்டில் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒரு அம்மாவுக்குத் தையல் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்பா, அத்தை விஷயத்தை மட்டும் முடித்துக் கொடுங்கள். அம்மா போனபோது எனக்கு நாலு வயது. நீங்கள் பஸ்ஸோடு போய்விடுவீர்கள். ஹாஸ்டல் அடுப்படியில் மணைப்பலகையில் உட்காரவைத்து என்னை வளர்த்தவள் அவள். நர்ஸ் படிப்புக்குக் கட்டியதும் அவள் சம்பளம்தான். இரண்டு தடவை மணியார்டர் அனுப்பினேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. அவள் தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்ளக்கூடிய பணம் இந்த பென்ஷன் ஒன்றுதான்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கிரேசி


ஒரகடம்
16-2-1972

அன்பு மகள் கிரேசிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. தைலம் நன்றாக இருக்கிறது, வாசனையாக.

முதல் கூட்டம் நடந்தது. ஒன்றிய ஆபீஸ் மாடியில். கீழே ஹால் காலியாகத்தான் கிடக்கிறது, ஆனால் ஃபேன் மாடியில் இருக்கிறதே! பதினேழு படி, குறுகல், கைப்பிடி கிடையாது. நான் மேலே போய்ச் சேர்வதற்குள் முதல் தட்டு போண்டா முடிந்துவிட்டது.

மனு நூற்று நாற்பது. சிபாரிசு செய்யவேண்டியது இருபது என்றார் தசரதன். “இத எப்படிய்யா வடிகட்டறது?” என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “இன்னா பெரிய கஷ்டம் தலைவரே? எல்லாரையும் இந்த மாடிக்கு வரச் சொல்லுங்க. தானா ஏறி வந்துட்டானா, ஒடம்புல தெம்பு கீது. அவனுக்கு எதுக்கு பென்ஷன்? தள்ளிடுங்க. ஏற முடியலியா, ஆள் ஆஜராவல. அவனையும் தள்ளிடுங்க. லிஸ்ட் காலி. நம்ம வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

சிரித்தார்கள் பார், அப்படி ஒரு சிரிப்பு. வாத்தியார் விழித்துக்கொண்டு, என்னவென்று கேட்காமலே சிரித்தார். லீலா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தா அவங்கள மட்டும் பார்க்கலாமே” என்றார்.

தசரதன் சிரிப்பை நிறுத்திவிட்டார். “ரத்தினம், இத எழுதிக்க.”

எழுத்தர் ரத்தினம் பேனாவைத் தூக்கியபடியே, “சார், அவரு வெளாட்டுக்குச் சொன்னாரு” என்றான்.

“வெளாட்டோ வெனையோ, வழி கெடச்சுதா இல்லியா? எழுதுய்யா.”

மறுவாரம் டைப் அடித்து வந்தது. “தீர்மானம் எண் 3: மாடிக்குத் தாமே ஏறி வரும் மனுதாரர்கள் உழைக்கும் திடம் உள்ளவர்களாகக் கருதப்படுவர். வராதோர் மனு தள்ளுபடி. பிறரால் சுமந்து வரப்படுவோர் பரிசீலிக்கப்படுவர். முன்மொழிந்தவர்: திரு. யாக்கோபு. வழிமொழிந்தவர்: திரு. நாகப்பன்.” என் பெயரை டைப் அடித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பஸ் கம்பெனி கொடுத்த மெமோவெல்லாம் கையால் எழுதினது.

நீ பயப்படாதே. இதையெல்லாம் யார் நடத்தப்போகிறார்கள்?

அப்பா


திருச்சி
26-2-1972

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. உங்களுக்குத் தசரதனைத் தெரியாதா? தவிட்டு மூட்டைகளோடு அப்பாவைப் போட்டவர் இதை நடத்தமாட்டார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? போண்டா தின்றுகொண்டு கிழவர்களைக் கழித்துக்கட்ட ஏழு பேர், அதில் ஒருவர் என் அப்பா. நன்றாக இருக்கிறது.

உங்களால் தீர்மானத்தை மாற்ற முடியாவிட்டால் பரவாயில்லை. ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அத்தையிடம் போய், “நீயாக ஏறாதே, இரண்டு பேரை விட்டுத் தூக்கிக்கொண்டு வரச் சொல்” என்று சொல்லிவிடுங்கள். அவள் ரோஷக்காரி. ஏன் என்று காரணத்தையும் சொன்னால்தான் கேட்பாள்.

உடனே பதில் போடுங்கள்.

கிரேசி


ஒரகடம்
5-4-1972

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். பதில் போடத் தாமதம். ஈஸ்டர் வேலை.

ஈஸ்டர் ஆராதனை நன்றாக நடந்தது. பாட்டில் நான் முதல் வரியை இரண்டு தடவை பாடிவிட்டேன், மற்றவர்கள் மூன்றாம் வரியில் இருந்தார்கள். வெயில் இப்போதே கொளுத்துகிறது. சிவப்பு ஆடு குட்டி போட்டது, இரண்டும் கிடா.

நேர்காணல் நாளும் வந்து போயிற்று. லீலா அம்மாள் ரோஜா மாலை கொண்டுவந்தார். கிழவர்களுக்காக்கும் என்று நினைத்தேன், தலைவருக்காம். ‘மூத்தோரைப் போற்றுவோம்’ என்று துணியில் எழுதி மாடிச் சுவரில் கட்டினார்கள். கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோக்காரர் வந்து குழுவை மட்டும் போட்டோ எடுத்தார். பிரதி வந்தால் அனுப்புகிறேன். நான் ஓரத்தில் பாதி விழுந்திருப்பேன்.

வேறு விசேஷம் இல்லை. இன்லண்டில் இடம் இல்லாததால் நிறுத்துகிறேன்.

அப்பா


(கார்டு)
திருச்சி, 11-4-1972

அப்பா, இன்லண்டில் கீழ்ப் பாதி முழுக்கக் காலியாக இருந்தது. அத்தை என்ன ஆனாள்?

கிரேசி


ஒரகடம்
4-5-1972

அன்பு கிரேசிக்கு, அத்தை அன்னபுஷ்பம் சொல்லச் சொல்ல உபதேசியார் வீட்டு ரூத் எழுதுவது. பேசுவதை அப்படியே எழுதவேண்டுமாம். திருத்தினால் அடிப்பேன் என்கிறார்கள்.

கிரேசி கண்ணு, நல்லாக்கீறியா? நேரத்துக்குத் துன்றியா? நான் நல்லாக்கீறேன். கண்ணுதான் பொக மூடின மாரி கீது.

பங்குனியில பென்ஷனுக்குக் கூப்ட்டாங்க. மாடி மேலன்னாங்க. கீழ ஒரே கும்பல். தாயாரம்மாள அவங்க அண்ணம் பசங்க கயித்துக் கட்டிலோட தூக்கினு வந்தாங்க. அதுல ஒருத்தன் என்னாண்ட வந்து, “ஆத்தா, ஒன்னையும் தூக்கினு போவட்டா?”ன்னான். “போடா, நான் இன்னா மூட்டையா? மேல எந்தம்பி உக்காந்துகினு கீறான். அவன் முன்னாடி பொணமாட்டம் போயி எறங்கணுமா?”ன்னேன்.

செவுத்தப் புடிச்சிகினு ஏறினேன். பதினேழு படி. ஒரு எடத்துலயும் உக்காரல. கோயிலுக்குக் கட்ற வெள்ளப் பொடவதான் கட்டினு போனேன். மேல ஒரே வெளிச்சம், யாரு எவருன்னு தெரில. மேச கிட்ட போனாத்தான் உங்கப்பன் துண்டு தெரிஞ்சுது. “தம்பி”ன்னேன். தல தூக்கல. வேலையா இருந்தான் போல.

ஒருத்தரு, “தானா ஏறி வந்தியாம்மா?”ன்னாரு. “ஆமாங்க, ஒருத்தர் கையும் புடிக்கல”ன்னேன். ஒடனே எல்லாரும் கைய தூக்கினாங்க. உங்கப்பனும் தூக்கினான். பாஸ் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். எல்லாருக்கும் ஒரு கும்புடு போட்டுட்டு எறங்கி வந்தேன்.

இப்ப கடுதாசி வந்து கீது. ரூத் படிச்சா. நான் திடமா கீறேனாம், அதனால கெடயாதாம். வேல செய்ய முடியலன்னுதான கேட்டேன்? உங்கப்பனக் கேட்டா, “மேலெடத்து உத்தரவு, அக்கா”ன்றான். எனக்குப் புரில. நீ படிச்சவ. இன்னான்னு எழுது.

துட்டு அனுப்பாத.

அத்தை, கைநாட்டு


திருச்சி
10-5-1972

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் யார் சுகத்தையும் விசாரிக்கப்போவதில்லை.

அத்தையின் கடிதம் வந்தது. நீங்கள் கை தூக்கியதைப் பார்த்துப் பாஸ் பண்ணிவிட்டதாக நினைத்தாளாம். கும்பிட்டுவிட்டு இறங்கினாளாம்.

உங்களிடம் கேட்டது ஒரு வார்த்தை. “ஏறாதே” என்று சொன்னால் அவள் “ஏன்” என்பாள். ஏன் என்று சொன்னால் அது உங்கள் வேடிக்கை என்று தெரிந்துபோகும். அது தெரியாமலிருக்க, கண் தெரியாதவளைக் கைப்பிடி இல்லாத பதினேழு படி ஏறவிட்டீர்கள். தசரதனையாவது புரிந்துகொள்ளலாம், அவருக்கு அவள் அக்கா இல்லை. எந்த மேலிடம் அப்பா உத்தரவு போட்டது?

அந்த வேலையை விட்டெறிந்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து உங்களையே கிண்டல் பண்ணி எனக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். நன்றாகத்தான் எழுதுவீர்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன். அது வேண்டாம்.

அத்தைக்கு நான் பதில் எழுதவில்லை. அதைச் சொல்லவேண்டியவர் நீங்கள்.

கிரேசி


ஒரகடம்
25-6-1972

அன்பு மகள் கிரேசிக்கு,

ஆறு வாரமாக நாலு இன்லண்ட் வாங்கிக் கிழித்தேன். நாலும் சிரிப்பாக வந்தன.

அன்றைக்கு அவள் வாசற்படியில் வந்து நின்றபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “ஆட்சேபணை உண்டா? இல்லைன்னா கை தூக்குங்க” என்றார் தசரதன். எல்லார் கையும் போயிற்று, என்னுடையதும் போயிற்று. பஸ் பிரேக் போட்டால் நிற்கிறவர்களெல்லாம் ஒரே பக்கம் சாய்வார்களே, அந்த மாதிரி என்று எழுத வருகிறது. அப்படி இல்லை. எழுந்து நின்று, “ஐயா, அது நான் வேடிக்கையாகச் சொன்னது, இவள் என் அக்கா” என்றால் சிரிப்பார்களே என்று பயந்தேன். ஆயுசு முழுக்கப் பிறத்தியாரைச் சிரிக்கவைத்தவனுக்கு அந்த ஒரு சிரிப்பு ஆகவில்லை.

இந்த மாதக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மூன்றாவது தீர்மானத்தை ரத்து செய்யவேண்டும் என்றேன்.

“நீர் கொண்டாந்த தீர்மானத்த நீரே எதுக்கிறீரா? பேஷ்” என்றார் தசரதன். “ஒரு வருசம் ஆவாம தொட முடியாதுய்யா. வேணும்னா ஒரு துணைக்குழு போடலாம். நீரே தலைவரா இருந்துக்கும்.”

“அது ஜோக்குங்க.”

“ஜோக்குன்னு மினிட் புஸ்தகத்துல எழுத எடமில்லைய்யா.”

“எங்கக்காவ நானே தள்ளிட்டேங்க” என்றேன். லீலா அம்மாள், “எவ்வளவு நேர்மை பாருங்க, சொந்த அக்கான்னும் பார்க்கல” என்று கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். போண்டா வந்தது. நான் தொடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை; என் பங்கை வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போய், பென்ஷன் பார்க்கிற குமாஸ்தாவின் முன்னால் நின்றேன். குழு இப்படித் தள்ளிவிட்டது, நீங்கள் மனசு வைக்கவேண்டும் என்று கெஞ்சினேன்.

“எந்தக் குழு?” என்றார் அவர்.

சொன்னேன்.

“அப்படி ஒண்ணு கீதா? யோவ், மனு நேரா இங்கதான் வரணும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. வூட்டுக்கே வந்து பார்ப்பாரு. தாங்கறதுக்குச் சொந்தம் யாரும் இல்லைன்னா எழுதினு போவாரு. மாடி எதுக்குய்யா கெழவிக்கு?”

கிரேசி, நாங்கள் ஏழு பேர் நாலு மாசமாக ஆலோசித்தது சர்க்காருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தது கிழவிகளுக்கு மட்டும்தான். எங்கள் காகிதத்தை நம்பி நூற்றுச் சொச்சம் பேர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் மனுவெல்லாம் ஒன்றிய ஆபீஸ் பீரோவில் கிடந்தது. ரத்தினத்திடம் போனேன். “அன்னிக்கே சொன்னேனே சார்” என்று சொல்லிவிட்டு, தசரதனைக் கேட்காமல் பீரோவைத் திறந்தான். இரண்டு பேரும் சாக்கில் கட்டித் தாலுகா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினோம். அத்தை மனு மேலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வைக்கவில்லை, நடுவில்தான் இருக்கிறது.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா


திருச்சி
3-7-1972

அன்புள்ள அப்பாவுக்குக் கிரேசியின் ஸ்தோத்திரம்.

சாக்கைச் சுமந்தீர்களே, மூட்டு எப்படி இருக்கிறது? தைலத்தை முகர்ந்து பார்க்காமல் தேயுங்கள்.

ஆர்.ஐ. வருவதற்குள் அத்தையிடம் சொல்லிவிடுங்கள். வேறு யார் மூலமாவது அவளுக்குத் தெரியக்கூடாது. கோபித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒன்றும் வேடிக்கையாகப் பேசாதீர்கள்.

கிரேசி


ஒரகடம்
13-8-1972

அன்பு மகள் கிரேசிக்கு அப்பா எழுதிக்கொண்டது. உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசியைக் கையால் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தீர்மானம், நான் சொன்ன வார்த்தை, கை தூக்கியது, மேலிடம் என்று புளுகியது, ஒன்றையும் விடவில்லை. முறத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

“நீ அதச் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்கக்கா.”

“நல்லா சிரிச்சாங்களா?”

“ஆமாக்கா.”

“சர்தான்” என்றாள். அவ்வளவுதான். திட்டுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப்பின் தினமும் போனேன். கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் வரும். சில நாள் அதுவும் வராது.

மூன்று வாரம் கழித்து ஆர்.ஐ. சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷர். குனிந்து குடிசைக்குள் போய் மணையில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். கண்ணைப் பார்த்தார், வயதைக் கேட்டார், எழுதிக்கொண்டார்.

“புருசன்?”

“செத்து இருவது வருசம்.”

“புள்ளைங்க?”

“பொறக்கல.”

“கூடப் பொறந்தவங்க, தாங்கறவங்க யாரானா?”

“யாரும் இல்லீங்க.”

ஆர்.ஐ. என்னைத் திரும்பிப் பார்த்தார். “இவரு?”

அத்தை நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“தெரிஞ்சவரு. மனு எழுதிக் குடுத்தாரு.”

“நெருங்கின சொந்தம் இருந்தா இப்பவே சொல்லிடும்மா. பின்னால தகராறு வரும்.”

“இருந்தா சொல்லமாட்டேனா?” என்றாள்.

ஆதரவற்றவர் என்று எழுதி அதைச் சத்தமாகப் படித்தார். அவள் கட்டைவிரலை வைத்தாள். பிறகு காகிதத்தை என் பக்கம் நீட்டி, “பெரியவரே, எழுதத் தெரியுமில்ல? இவங்களுக்கு ஒருத்தரும் இல்லைன்னு சாட்சிக் கையெழுத்து போடுங்க” என்றார்.

போட்டேன். போடாவிட்டால் பென்ஷன் இல்லை.

சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டிற்று. அப்புறம் “அக்கா” என்று கூப்பிட்டேன்.

“பெரியவரே, போவசொல கதவச் சாத்திட்டுப் போங்க. கோழி பூந்துடும்” என்றாள்.

சாத்திவிட்டு வந்தேன்.

உத்தரவு முந்தாநாள் வந்தது. ரூத் படித்துக் காட்டியிருக்கிறாள். அத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, காகிதத்தை வாங்கி வேதப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாளாம். அன்றைக்கு வெல்லம் வாங்கிப் பாயசம் வைத்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாளாம்.

அத்தை சுகமாக இருப்பதாக ரூத் சொன்னாள்.

அப்பா